பிசாசும் காளானும்

(பேளுக்குறிச்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இவ்வூர்ச் சந்தையில் மிளகு வாங்குகின்ற நீங்கள், ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறீர்கள். ஆனால் பிசாசு விஷயத்தில் மாத்திரம் யாராவது சோதித்துப் பார்த்ததுண்டா? தம் உடம்பிலேயே அந்தச் சோதனைக்கு ஆளான ஒருவரைப்பற்றிச் சொல்லுகிறேன்.

1943-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி சுவிட்சர்லாந்து தேசத்து ரசாயன நிபுணர் ஆல்பர்ட் ஹாப்மன் என்பவர், தாம் கண்டுபிடித்த எல்.எஸ்.டி. என்னும் சரக்கில் கால் மில்லிகிராம் உட்கொண்டார். அது ஒரு மிளகின் எடையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. சற்று நேரத்தில், பால் கொண்டுவந்த அண்டை வீட்டு அம்மாள் அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தோன்றினாள். தம் உடலுக்குள்ளும் பிசாசு புகுந்துவிட்டதாகவே எண்ணினார். வைத்தியர் வந்து பார்த்ததில் கண்ணின் பாவை விரிந்திருந்தது தவிர வேறு கோளாறு காணோம். மறுநாள் காலை எழுந்தபோது பிசாசும் இல்லை, சூனியக்காரியும் இல்லை. எந்த மந்திரவாதி ஓட்டினான்? எந்தக் கோழியை அறுத்தார்கள்? சரக்கின் வேகம் தணிந்தது, அவ்வளவுதான்.

மெக்சிகோ தேசத்தார் தெய்வீகமானதென்று உண்டுவந்த காளானிலிருந்து சைலோசைபின் என்னும் சத்தையும் அவரே 1958-ல் பிரித்தெடுத்தார். நமது கொடைக்கானல் மலையிலும் அச்சத்துள்ள காளான் முளைக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குச் செரோட்டோனின் என்ற பொருள் சாவிபோல் உதவுகிறது. காளான் சத்து கள்ளச் சாவிபோல் அதே பூட்டில் நுழைகிறது. உடனே மூளையின் வழக்கமான ஒழுங்கு கலைகிறது. இல்லாதது தோன்றுகிறது, "நான்" என்ற எண்ணமே கரைகிறது.

இதை மருந்தாக்கலாமா என்று ஆராய்கிறார்கள். வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுள்ள 233 பேரைக்கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2022-ல் வெளிவந்தது. 25 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 37 பேருக்கு மூன்றாவது வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் கொடுக்கப்பட்டவர்களில் 18 பேருக்கே தெரிந்தது. பன்னிரண்டு வாரம் வரை குணம் நிலைத்தவர்களோ 100-க்கு சுமார் 20 பேர்தான். இதுவும் வைத்தியர் பக்கத்திலிருந்து நடத்தியது. சித்தப்பிரமை உள்ள குடும்பத்தாருக்கு இது ஆபத்து. 1985-ம் வருஷச் சட்டப்படி நம் நாட்டில் குற்றமுமாகும். ஆகவே, "காளான் நல்லதாம்" என்று கேட்டுக்கொண்டு யாரும் மலையேறிவிடவேண்டாம்.

பின் இதை ஏன் சொல்லுகிறேன்? கடுகளவும் இல்லாத ஒரு பொருள் பிசாசைக் காட்டுமானால், ஒன்றும் உண்ணாமலே பிசாசைக் காண்கிற உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் கோளாறு எங்கே இருக்கும்? மூளையிலா, முருங்கை மரத்திலா? யோசியுங்கள்!

யோசியாததன் பலனை ஏர்வாடியில் கண்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்த மனநோயாளிகள் ஓடமுடியாமல் வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் விரோதிகளல்ல, பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே!

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோனில் பேசி யோசனை கேட்கலாம். நான் சொன்னதற்காக நம்பவேண்டாம். மிளகைக் கடித்துப் பார்ப்பதுபோல் இதையும் ஆராய்ந்து பாருங்கள். சரியென்று பட்டால், உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பூசாரியிடமல்ல, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.