கல்லில் எழுதிய உரிமை
(தண்டையார்பேட்டையில் உழைப்பாளரிடை நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



உரிமைப் பட்டயம் என்றவுடன் கற்றோர் நாவில் முதற்கண் எழுவது ஆங்கில நாட்டின் மாக்னா கார்ட்டா. கி.பி. 1215ஆம் ஆண்டு சூன் திங்களில், தேம்சு ஆற்றங்கரையின் இரன்னிமீடு என்னும் புல்வெளியில், சான் என்னும் அரசனை அவன்றன் பெருநிலக்கிழார் மடக்கி நிறுத்தி முத்திரையிடுவித்த பெரும்பட்டயம் அது. ஒத்தாரின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றி, உரிமைக் குடிமகன் எவனையும் சிறைப்படுத்தலாகாது என்பது அதன் உயிர்நிலை. 'உரிமைக் குடிமகன்' என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. அந்நாளில் அந்நாட்டார் மிகப் பலர் நிலத்தோடு பிணிப்புண்ட பண்ணையாட்கள். அவர்தம் வயிற்றுக்கும் முதுகுக்கும் அப்பட்டயம் பெரிதாக யாதும் தந்ததன்று.

அதுதானும் நிலைத்ததா? பத்துக் கிழமைக்குள் போப்பாண்டவர் அதனைச் செல்லாது என்றறிவித்தார். அடுத்த அரசன் காலத்தில் 1216, 1217, 1225 என மீண்டும் மீண்டும் அது வெளியிடப்பெற்றது. நானூறு ஆண்டு கழிந்தபின், எட்வர்டு கோக்கு என்னும் சட்ட அறிஞர் அதனைக் கையிலெடுத்து, 1628இல் சார்லசு மன்னனுக்கு முன் நீட்டிய உரிமை முறையீட்டுக்கு அடிப்படையாக்கினார். அங்கிருந்து அது கடல் கடந்து அமெரிக்க அரசியற் சட்டத்துட் புகுந்தது. இந்திய அரசியற் சட்டத்தின் 21ஆம் உறுப்பிலும் அதன் எதிரொலி கேட்கின்றது. பெருநிலக்கிழார் தமக்கென எழுதிக்கொண்டதை, பின் வந்தோர் எல்லார்க்கும் உரியதெனப் படித்தனர். எழுதியவரால் அன்று, படித்தவராலேயே அது வாழ்ந்தது.

இனித் தமிழ்மண்ணை நோக்குவோர் உடனே உத்தரமேரூர்க் குடவோலையைக் காட்டுவர். அதன் பெருமை பெருமையே. ஆயினும் அது பார்ப்பனர் ஊரவை ஒன்றின் தேர்தல் முறை. நிலமும் வீடும் மறையறிவும் உடையார்க்கே அதில் இடம். உழவனும் கைவினைஞனும் தம் பெயராலேயே பேசிய ஆவணம் வேறு உண்டு. அதனை மேடையேறிப் பேசுவார் அரியர்.

ஆண்டு 1429. விசயநகரத்துத் தேவராயன் ஆட்சி. காவிரிப் படுகையில் அரசின் அலுவலரும், ஊழியத்துக்கு ஈடாக நிலவருவாய் பெற்ற சீவிதக்காரரும், அவரோடு கைகோத்த பார்ப்பன, வெள்ளாளக் காணியாளரும் வரிமேல் வரி சுமத்தினர். அப்பொழுது வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒருங்கே கூடின. திருவைகாவூர், திருக்குறுக்கை முதலிய ஊர்களின் கோயிற் சுவர்களில் தம் முடிபைப் பொறித்தன. விளைச்சலைப் பாராமல் வரி தண்டினர். ஊரைவிட்டு ஓடவும் துணிந்தோம். மண்டலத்தார் ஒன்றுபடாமையாலன்றோ இந்நிலை வந்தது. இனி விளைவுக்கேற்ற முறையான வரியே இறுப்போம், முறையற்றதை இறுக்கமாட்டோம் என்பது அவற்றின் சாரம். எப்பயிருக்கு எவ்வளவு, எத்தொழிலுக்கு எவ்வளவு எனத் தாமே வரையறுத்தனர். கொடுமை செய்வார்க்குத் தங்க இடம் தரலாகாது, கணக்கு எழுதிக் கொடுக்கலாகாது என்றும் கட்டளையிட்டனர். கணக்கெழுதும் கை நின்றால் வரி தண்டும் கை முடங்கும் என்பதை அன்றே அறிந்திருந்தனர்! மாற்றுக்குலத்தாரோடு கூடிய இரண்டகனுக்குக் கொலைத்தண்டம் விதித்த கடுமையும் அவற்றில் உண்டு, மறைப்பதற்கில்லை.

இரன்னிமீட்டில் எழுதியோர் கோட்டைக்குரியோர். இங்கே எழுதியோர் ஏருக்கும் தறிக்கும் உரியோர். ஆயின் இதனைக் கையிலெடுக்க ஒரு கோக்கு தமிழரிடைத் தோன்றவில்லை. சுவரில் இருந்தது, சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தாலும் கேட்பாரில்லை. இருபதாம் நூற்றாண்டில் கல்வெட்டுத் துறையார் படியெடுத்த பின்னரே அறிஞர் நூல்களில் ஏறியது. தெருவுக்கு இன்னும் வரவில்லை.

மறந்ததன் விலை என்ன? இவ்வட சென்னையே விடை கூறும். 1429இல் ஒன்றாய் நின்ற அவ்விரு கையரும், 1707இல், ஆளுநர் தாமசு பிட்டு காலத்தில், எத்தெருவில் யார் திருமண ஊர்வலம் போவது என்று மோதிக்கொண்டனர். பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையர்க்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையர்க்கு என வெள்ளையன் பிரித்து எல்லைக்கல் நட்டான். ஒன்றுபட்டோம் என்று கல்லில் எழுதிய மக்களுக்குப் பிரிவினைக்குக் கல் நடும் நிலை!

1918 ஏப்பிரல் 27இல் வாடியா, திரு.வி.க. முதலியோர் துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பின்னி ஆலையார் முறைமன்றம் சென்று, வாடியாவுக்கு எதிராகத் தடையாணை பெற்றனர். பெரும்பட்டயம் பிறந்த நாட்டின் சட்டநெறியே இங்குக் கூலியாளின் சங்கத்தைச் சதி என்றது. 1921இல் நெடிய வேலைநிறுத்தம். ஆதித்திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர்; புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன; காவலர் துப்பாக்கிக்கு உயிர்கள் பலியாயின; வேலைநிறுத்தம் தோற்றது. திரும்பினோர்மேல் மட்டும் பழிசுமத்துவது அறமன்று. கிணற்றடியிலும் தெருவிலும் ஒதுக்கிவைத்தவனை, வேலைநிறுத்த நாளில் மட்டும் உடன்பிறப்பே என்றழைத்தால் அவன் எதை நம்பி வருவான்? அவனுக்கும் ஏற்புடையதாக முன்கூட்டியே ஒரு வரையறை எழுதப்பட்டிருந்ததா?

அத்தடையாணை கிளப்பிய குரலே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. தொழிற்சங்க நடவடிக்கையைச் சதியென வழக்கிடுவதினின்று பதிவுபெற்ற சங்கத்துக்கு அது காப்பளித்தது. அச்சட்டத்தின் இடத்தில் அமைய 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தம் கூடாது என்கின்றது. துறைமுகத்திலும் ஆலையிலும் பாடுபடுவோர் இங்கு எத்தனை பேர்! அதன் தமிழ்ப்படியை வரிவரியாய்ப் படித்தோர் எத்தனை பேர்?

வடக்கே திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களில் சோழர்காலக் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. வரும் ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துச் சென்று, கல்வெட்டு கற்றார் ஒருவரைக் கொண்டு ஒரு வரியேனும் படிப்பிக்க. அவ்வெழுத்துப் பழகிய கண் திருவைகாவூர்ச் சுவரையும் படிக்கும். சட்டத்தொகுப்பின் 62ஆம் பிரிவையும் படிக்கும்.