பரணில் கிடக்கும் கால்

(திண்டுக்கல் வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில், செயற்கை உறுப்புப் பணிமனைத் தொழிலாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



செயற்கைக்கால் செய்யும் பணிமனையில் வேலை எவ்வாறு இருக்கும் என்பதைப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நெசவைப் பற்றிச் சின்னாளபட்டியிலும், பூட்டைப் பற்றித் திண்டுக்கல்லிலும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் தொழில் அப்படிப்பட்டதன்று. குடும்பத்தில் ஒருவர் காலை இழந்த பின்னரே இப்படி ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரிய வருகிறது. சாலை விபத்து, ஆறாத சர்க்கரைப் புண் ஆகிய இரண்டும் எங்களிடம் பலரை அனுப்புகின்றன. பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டி, இரத்த ஓட்டம் நின்று, காலையே இழக்க நேர்வதும் உண்டு. கட்டுப் போடாமல், காலை அசைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை என்பதை இவ்விடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் பணியில் நாளின் பெரும்பகுதி பிறர் காலடியில் அமர்ந்தே கழிகிறது. எஞ்சிய காலின் மேல் நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகியதும் கழற்றி எடுக்கிறோம். அந்த வெற்றுக் கூட்டினுள் சாந்தை ஊற்றினால் காலின் உருவம் அப்படியே கிடைக்கும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. முழங்காற்சில்லுக்குக் கீழேயுள்ள தசைநார் பாரம் தாங்கும். ஆகவே அங்கே சாந்தைச் சுரண்டிக் குறைக்கிறோம். எலும்பு முனைகள் பாரம் தாங்கா. அங்கே சாந்தைப் பூசி இடம் விடுகிறோம். எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்பதைக் கைவிரல்கள் பழகிப் பழகியே அறிகின்றன. இதைப் புத்தகத்தில் படித்து வந்தவர்களும் இரண்டு ஆண்டுகள் சாந்துத் தூளில் அமர்ந்த பிறகே நம்பிக்கையோடு அரத்தை எடுக்கிறார்கள்.

பின்னர் அச்சாந்து உருவின் மேல் கூட்டை வார்க்கிறோம். அதற்குரிய பொருளைச் சொன்னால் வியப்படைவீர்கள். உங்கள் தோட்டத்தில் தண்ணீருக்குப் பதிக்கும் எச்.டி.பி.இ. குழாய் இருக்கிறதன்றோ, அதே இனத்துக் குழாய்தான்! அதை அடுப்பில் இளக்கி, உருவின் மேல் இழுத்துப் பொருத்துகிறோம். சித்திரை வெயிலில் அந்த அடுப்பின் முன் நிற்பதைப் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை.

கூட்டின் அடியில் பொருத்தும் பாதத்துக்குத் தனி வரலாறு உண்டு. மேல்நாட்டு முறையில் செய்யப்பட்ட பாதம் கணுக்காலில் மடங்காது. அதற்குப் பூட்சும் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து பூட்சுடன் நடப்பவருக்கு அது போதும். சேற்றில் இறங்குபவருக்கும், தரையில் சம்மணமிட்டு உண்பவருக்கும் அது எவ்வாறு பயன்படும்? 1968-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும், டாக்டர் பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் இதற்கு விடை கண்டனர். லாரி டயருக்கு ரப்பர் போடும் கடையைக் கண்டே சர்மாவுக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு. உள்ளே மென்ரப்பரும் கட்டையும், வெளியே தோல்நிற ரப்பரும் வைத்து, அச்சில் வேகவைத்து எடுத்த அந்தப் பாதம் பல பக்கமும் வளைந்து கொடுத்தது. வெறுங்காலாக நடக்கலாம், குந்தலாம், நீரில் நனையலாம். டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. படிப்பறிவு மிகாத கைவினைஞரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்பது என் கருத்து. 1975-இல் ஜெய்ப்பூரில் டி. ஆர். மேத்தா தொடங்கிய அறநிறுவனம் இந்தக் காலை இலவசமாகவே பொருத்தி வருகிறது. மத்திய அரசும் 1972-இல் கான்பூரில் செயற்கை உறுப்பு உற்பத்திக்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியது.

முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்க்கு முழங்கால் மூட்டும் செய்ய வேண்டும். எளிய வகையில் அதற்கு ஒரு பூட்டு உண்டு. நிற்கும்போது பூட்டிக்கொள்ளும், அமரும்போது திறக்க வேண்டும். திண்டுக்கல்லார்க்குப் பூட்டின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? நடக்கும்போது அது தானாகத் திறந்தால் மனிதர் விழுந்துவிடுவார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. வேடசந்தூர்ப் பக்கத்து உழவர் ஒருவருக்கு முகாம் ஒன்றில் கால் கிடைத்தது. ஓராண்டுக்குப் பின் அவர் ஊருக்குச் சென்றபோது, கால் பரணில் கிடந்தது. அவர் ஊன்றுகோலில் நடந்தார். "ஏனய்யா?" என்று கேட்டேன். "வரப்பில் குந்தினால் கூடு பின்தொடையைக் கடிக்கிறது. ஓசியில் கொடுத்த பொருளைக் குறை சொல்லலாமா?" என்றார். கூட்டின் பின்விளிம்பை ஒரு விரல் அகலம் இறக்கினால் தீரும் குறை அது! நிலக்கோட்டைப் பக்கத்தில் பூப்பறிக்கும் அம்மையார் ஒருவருக்கோ கூடு தளர்ந்து கழன்றது. அவர் அதைத் தம் விதியென்று எண்ணினார். அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் வரை எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே போவது இயல்பு. முதற்கூடு தளர்வது எதிர்பார்க்க வேண்டியதே. புதுக்கூடு செய்தாக வேண்டும்.

முகாமில் ஒரே நாளில் முழங்காலுக்குக் கீழான காலைப் பொருத்திவிட முடிகிறது. நல்லதுதான். ஆயினும் எத்தனை கால்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கு மேடையில் படிக்கப்படுகிறது. ஓராண்டு கழித்து எத்தனை கால்கள் நடக்கின்றன என்பதை யாரும் படிப்பதில்லை. அக்கணக்கை எடுக்கத் தக்கவர்கள் பணிமனையில் இருக்கும் நாங்கள் அல்லோம். ஒவ்வொரு வீட்டையும் அறிந்த ஊராட்சி உறுப்பினர்களே அதற்குத் தக்கவர்கள். பெண்களைத் தனியே விசாரியுங்கள். அவர்கள் தாமாக முன்வந்து குறை சொல்வது அரிது.

அவ்வாறு கண்டறிந்தவரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். அடையாள அட்டை இல்லாதவர்க்கு முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 1981 முதல் நடைபெறும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் கால் கிடைக்கும். சென்னை கே. கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செய்து தருகிறார்கள்.

இன்னும் கால் பொருத்தாதவர் வீட்டில் சொல்ல வேண்டியவை சில உண்டு. முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுக்கக் கூடாது. மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தக் காலும் பொருந்தாது. மருத்துவர் காட்டியபடி மீள்துணிக் கட்டைச் சுற்றி வர வேண்டும். கால் பெற்றவர், கூட்டினுள் அணியும் பருத்தி உறையை நாள்தோறும் துவைக்க வேண்டும்; நம் பக்கத்து வியர்வைக்கு இரண்டு உறைகளாவது தேவை. இரவில் கூட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். தோல் சிவந்து, கழற்றிச் சிறிது நேரமாகியும் அச்சிவப்பு மாறாவிடில், காலை மாட்டாமல் பணிமனைக்கு வர வேண்டும்.

வரும்போது பழைய காலையும், வழக்கமாக அணியும் செருப்பையும், உறையையும் கொண்டு வரச் சொல்லுங்கள். செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே கால் எப்பக்கம் சாய்கிறது என்பதை நாங்கள் அறிகிறோம். எந்த வேலை செய்யும்போது வலிக்கிறது என்பதையும் அவர் கூசாமல் சொல்லட்டும்.

நான் கொண்டு வந்த கால் ஒன்று மேசைமேல் இருக்கிறது. விரும்புவோர் கையில் எடுத்து, பாதத்தை வளைத்துப் பார்க்கலாம்.