நம் மாவட்டத்தின் பழைய வரலாறு: தேடுவதும் காப்பதும் ஜமாஅத்தின் கடமை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைச் சிந்தித்துப் பார்க்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் நமக்குக் கட்டளையிடுகின்றான். நாமோ பக்தாதின் சிறப்பையும் குர்துபாவின் சிறப்பையும் பயான்களில் கேட்டு மகிழ்கின்றோம். ஆனால் இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் தீன் எவ்வாறு வேரூன்றியது என்று நம் பிள்ளை கேட்டால், “முன்னோர்கள் காலத்திலிருந்து” என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றோம்.

அந்த முன்னோர்கள் அடையாளம் இல்லாதவர்கள் அல்லர். திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உள்ளது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர்களுக்குரிய பள்ளிவாசலுக்கு அரசன் வழங்கிய கொடையை அது கூறுகின்றது. சோனகர் என்பது அன்று நம்மவர்களுக்கு வழங்கிய பெயர். ஒரு பள்ளிவாசலின் மானியம் ஒரு கோயிலில் கல்லில் வெட்டிக் காக்கப்பட்டு வந்திருக்கின்றது! அந்தக் கோயிலார் அதைச் சிதைத்திருந்தால், நம் பழைமைக்குரிய ஒரு பெரும் சாட்சியை நாம் இழந்திருப்போம். பிறர் நமக்காகக் காத்த அமானிதம் அது. நம் கையில் உள்ள அமானிதத்தை நாம் எவ்வாறு காக்கின்றோம்?

பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள், இந்தக் கடற்கரை சீனம் வரை வணிகம் செய்ததைக் காட்டுகின்றன. 1340-களில் மதுரை சுல்தான்களின் நாட்டிற்கு வந்த இப்னு பதூதா, ‘ஃபத்தன்’ என்னும் துறைமுகத்தையும், அங்கிருந்த அழகிய கற்பள்ளிவாசலையும் தம் பயண நூலில் குறிப்பிடுகின்றார். அந்த ஃபத்தன் பெரியபட்டினமே என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இது கருத்தே அன்றி முடிவு அன்று. நம்மூர்ப் பெருமைக்காக அதை முடிந்த முடிவு போலப் பேசுவது நமக்குத் தகாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரிக்க வேண்டும் என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் ஆராய்ந்தவர்கள் நம் ஹதீஸ் கலை இமாம்கள். ஊர் வரலாற்றைத் தேடும்போதும் அந்த நெறியே நமக்கு வழிகாட்டி. கல்லில் கண்டது வேறு. பெரியவர் சொல்லக் கேட்டது வேறு. நாமாக ஊகித்தது வேறு. மூன்றையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னர் நான் பணியாற்றிய ஓர் ஊரில் பள்ளிவாசலை விரிவுபடுத்தினார்கள். மையவாடியின் ஓரத்தில் அரபு எழுத்துகள் பொறித்த பழைய மீசான் கற்கள் கிடந்தன. அவற்றை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றை வாசித்திருக்க முடியும். ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்க முடியும். எழுதவில்லை. அந்தப் பெயர்களை இனி எவரும் அறியப் போவதில்லை. அரபு கற்ற என் வாய் அன்று மௌனமாக இருந்ததே என்ற வருத்தம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நம் பள்ளியிலும் வடபுறச் சுவரை எடுத்துக் கட்ட நிர்வாகம் தீர்மானித்துள்ளது. இட நெருக்கடியை நான் அறிவேன். பணியை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கொத்தனார் கை வைக்கும் முன்னர், அங்குள்ள ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, அளந்து, இருந்த இடத்தைக் குறித்து, பாதுகாப்பாக எடுத்து வைக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டுகின்றேன். இது கப்ருகளைப் புனிதப்படுத்துவதற்கு அன்று, படிப்பினை பெறுவதற்கே. இதில் நமக்குள் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லைச் சுரண்டுவதும், எண்ணெய் தடவுவதும், சுண்ணாம்பு பூசுவதும் கூடாது. படிக்க இயலாதவற்றின் படங்களை அறிந்தவர்களுக்கு அனுப்பலாம். அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் கிளை ஒன்று நாக்பூரில் உள்ளது. ஹிஜ்ரி ஆண்டைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி 700 என்றிருந்தால் அதனுடன் 622-ஐக் கூட்டி 1322 என்று எழுதிவிடக் கூடாது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது. ஆகவே அது கி.பி. 1300-1301 ஆகும்.

கல் மட்டுமே வரலாறு அன்று. வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைத் தடையின்றி வாசிக்கும் பாட்டிமார்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களிடம் பேத்திமார்கள் அமர்ந்து கேட்டு எழுதட்டும். 75 ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகவே கருதுகின்றது. பழைய தாள் என்று எடைக்குப் போடாதீர்கள். வக்ஃபுப் பத்திரங்களையும் பழைய ஜமாஅத் கணக்கேடுகளையும் படி எடுத்து வைப்போம். சொத்து வழக்கு வரும் நாளில் அவையே நமக்குச் சாட்சியாக நிற்கும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் கூடுவோம். அரபு எழுத்துகளை நான் வாசிக்கின்றேன். தமிழ்க் கல்வெட்டு அறிந்த ஆசிரியர்களை, எந்தச் சமயத்தவராயினும், அழைப்போம். திருப்புல்லாணிக்கும் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அந்தக் கல்வெட்டு உள்ள ஊரைக் காட்டுவோம். அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவு நேற்று முளைத்தது அன்று என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

நாளை நாமும் ஒரு மீசான் கல்லுக்குக் கீழே உறங்கப் போகின்றவர்களே. நமக்கு முன் சென்றோரின் பெயர்களை அழியாமல் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.