எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்
(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரமலான் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும். "நோன்பின் நன்மையை நிரூபித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு" என்று இருக்கும். நம்மில் பலர் அதைப் பகிர்ந்திருக்கிறோம். நாங்களும் பகிர்ந்தோம். பிறகுதான் அவர் என்ன ஆராய்ந்தார் என்று தேடிப் படித்தோம். செய்தி தவறு, ஆனால் அந்த மனிதரின் உண்மைக் கதை அதைவிட மேலானது. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

அவர் பெயர் யோஷினோரி ஓசுமி. செல் உயிரியல் ஆராய்ச்சியாளர். 1945-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்தவர். அவர் ஆராய்ந்தது மனிதரையோ நோன்பையோ அல்ல, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டை. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் தன்னிடம் பழுதான பொருள்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இதற்கு 'ஆட்டோஃபேஜி' என்று 1963-ல் பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டுவே. ஆனால் இதை இயக்கும் மரபணுக்கள் எவை என்பது பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

ஓசுமி 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துச் சத்தில்லாமல் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அதன் செல்லுக்குள் சிறு பைகள் குவிந்துகிடப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அந்த ஆய்வு 1992-ல் கட்டுரையாக வந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சலித்து, இந்த வேலைக்கு இன்றியமையாத 15 மரபணுக்களுக்கு வழிகாட்டும் கட்டுரையை 1993-ல் தம் மாணவியுடன் சேர்ந்து வெளியிட்டார்.

இங்கே கவனியுங்கள். அந்த 1993 கட்டுரை நேச்சர், செல் போன்ற பெரும் பெயர் பெற்ற இதழ்களில் வரவில்லை. சிறு ஆய்வறிக்கைகளை வெளியிடும் ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற இதழில் வந்தது. அந்தத் துறையில் அப்போது உலகம் முழுவதிலும் மிகச் சிலரே இருந்தார்கள். ஆள் குறைந்த துறையில் மேற்கோள் காட்டுவோரும் குறைவுதானே? இன்றோ ஆட்டோஃபேஜி பற்றி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வருகின்றன. 2016-ல் ஓசுமிக்கு மருத்துவ நோபல் பரிசு தனியொருவராகக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 71.

ஆராய்ச்சியாளர்களை அளக்க இன்று பல எண்கள் உண்டு. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் உருவாக்கிய எச்-குறியீடு அவற்றில் ஒன்று. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டால் அவரது குறியீடு 10. மூன்றே கட்டுரை எழுதியவர், ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும், 3-ஐத் தாண்ட முடியாது. 'தாக்கக் காரணி' என்பது இன்னோர் எண். அது இதழின் சராசரியைச் சொல்லும், அதிலுள்ள ஒரு கட்டுரையின் தரத்தைச் சொல்லாது. 2014 ஜனவரியில் நேச்சர் இதழில் பெரும் பரபரப்போடு வந்த 'ஸ்டாப்' செல் கட்டுரைகள் இரண்டும் அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. இதழின் பெயர் அவற்றைக் காப்பாற்றவில்லை.

இதைச் செல் உயிரியலாளர்களே உணர்ந்தார்கள். 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க செல் உயிரியல் சங்க மாநாட்டில் ஒரு பிரகடனம் உருவானது. இதழின் எண்ணை வைத்து மனிதரை எடைபோடாதீர்கள், அவர் செய்த ஆய்வைப் படித்துப் பாருங்கள் என்பதே அதன் சாரம்.

எண்ணே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்டுரையை மற்றவர்கள் எடுத்தாள்வது, அது பயன்பட்டதற்கு ஒரு சாட்சி. ஆனால் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

பெற்றோர்களே, ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் மகளிடம் "இன்னும் எத்தனை வருஷம்? எத்தனை பேப்பர் போட்டாய்?" என்று கேட்கிறோம். இனி, "என்னம்மா கண்டுபிடிக்கப் பார்க்கிறாய்?" என்றும் கேட்போம். மாணவர்களே, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று அழைப்பு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு வரியும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. கல்வி உதவி விண்ணப்பத்தில் இதுவரை மதிப்பெண்ணையே முதலில் பார்த்தோம். இனி, "நீங்கள் படிக்க விரும்புவது என்ன, ஏன்?" என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லி, அதை உட்கார்ந்து படிப்போம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் நோன்பு நோற்பது இறைவனுக்காக. அதற்கு ஈஸ்ட் ஆய்வின் சான்றிதழ் தேவையில்லை. ஓசுமி சொல்லாததை அவர் சொன்னதாகப் பரப்பினால் அது அவருக்கும் அநீதி, நம் நாவுக்கும் இழுக்கு. அடுத்த ரமலானில் அந்தச் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் அன்போடு உண்மையை எடுத்துச் சொல்வோம்.