முதல் லாரிக்கு இன்சூரன்ஸ்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் க்ளீனராக ஏறி, டிரைவராகி, சேர்த்த காசோடு பைனான்ஸையும் போட்டு லாரி வாங்குகிறவர்கள் நிறைய. நேற்றுவரை சம்பளத்துக்கு ஓட்டியவர் இன்று முதலாளி, ஓட்டுவதும் அவரேதான். அப்படி இளம் வயதிலேயே ஆர்.சி.யில் தன் பெயரைப் பார்க்கிற தம்பிகளுக்காக இன்றைக்கு இன்சூரன்ஸ் பற்றிப் பேசலாம்.

'வயசு கம்மி, தொழிலுக்கும் புதுசு. பிரீமியம் ஏறுமா?' என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஏறும். அங்கே டிரைவரின் வயது, அனுபவம், பழைய விபத்துகள் எல்லாம் கணக்கில் வரும். நம் ஊரில் பிரீமியம் முக்கியமாக வண்டியைப் பார்த்துத்தான். உங்களிடம் பார்ப்பது லைசென்ஸை. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். கனரக வண்டிக்கு அதற்குரிய லைசென்ஸ் வேண்டும்.

பாலிசியில் இரண்டு பகுதி. ஒன்று, தேர்டு பார்ட்டி. உங்கள் லாரியால் பிறருக்கு வரும் உயிரிழப்பு, காயம், சேதத்துக்கானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் தொகையை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை 43,950 ரூபாய். டாரஸ் என்று நாம் சொல்லும் பத்துச் சக்கர லாரி இந்த இரண்டாவது கணக்கில் வரும். வரி தனி.

இந்தத் தொகையை எந்தக் கம்பெனியும் குறைக்க முடியாது. அப்படியானால் ஒரு ஏஜென்ட், 'அண்ணே, அவங்களைவிடப் பத்தாயிரம் கம்மியா முடிச்சுத் தரேன்' என்றால், அது இரண்டாவது பகுதியான சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் குறைந்திருக்கும். தள்ளுபடியாகவும் இருக்கலாம், எதையாவது வெட்டியதாகவும் இருக்கலாம். எதை வெட்டினீர்கள் என்று கேளுங்கள்.

முதலில் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதும் வண்டியின் மதிப்பு. வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத் தொகை இதுதான். நாம் சேஸிஸ் வாங்கி, பட்டறையில் விட்டுத் தனியாக பாடி கட்டுகிறோம். சேஸிஸ் விலையை மட்டும் எழுதினால் பிரீமியம் குறையும்; ஆனால் பாடிக்குப் போட்ட லட்சங்கள் கணக்கிலேயே வராது. பட்டறை பில்லைக் கொடுத்து அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவு. டோல்கேட் வரிசையில் முன்னால் நின்ற வண்டியில் இடித்துவிட்டது என்று வையுங்கள். பம்பர், மட்கார்டு, ஹெட்லைட், பெயின்ட் போயிற்று. 'ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே' என்று போய் நின்றால், சர்வேயர் இவற்றுக்கு நேராகக் கோடு போட்டுவிடுவார். சாதாரண லாரி பாலிசியில் இந்தச் சேதங்களுக்குப் பணம் கிடையாது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் வழக்கமாக 15 சதவீதம் கூடுதலாகக் கட்டி இந்தப் பிரிவைச் சேர்த்திருந்தால் உண்டு.

மூன்றாவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. இது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கானது. அவரிடம் நடப்பு லைசென்ஸும் இருக்க வேண்டும். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து, ஓட்டுவது மகன் என்றால், மகனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தனியாகச் செய்யுங்கள். க்ளீனருக்கான காப்பீடும் மறந்துபோகக் கூடாது. ஏற்றும் லோடு இந்தப் பாலிசியில் வராது; அதற்குத் தனி இன்சூரன்ஸ். வழியில் கைகாட்டுகிறவர்களையும் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது.

பழைய லாரி வாங்குகிறவர்கள் 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய ஓனர் சேர்த்த நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. நீங்கள் ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 வரை உயரும். சிறு கீறலுக்கெல்லாம் கிளைம் போடுமுன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பாலிசி நடப்பில் இருந்தும், லைசென்ஸோ பர்மிட்டோ காலாவதியாகி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனியைக் கட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். மாதத் தவணையோடு அதுவும் சேர்ந்தால் ஒற்றை லாரிக்காரர் தாங்க மாட்டார். எனவே லைசென்ஸ், பர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் நான்கும் முடியும் தேதிகளை ஒரே தாளில் எழுதி, தவணை தேதிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.