ஓர் ஓடையும் இரண்டு கரைகளும்

(நூற்றாண்டு விழாவில் ஜேர்மனி வாழ் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஜேர்மனியில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் சில வார்த்தைகள் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டார்கள். அங்குள்ள பெரிய நகரங்களைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் நாங்கள் சிலர் ஒன்றுகூடிச் சென்று பார்த்த ஒரு சின்னக் கிராமம் எங்கள் மனதை விட்டு அகலவில்லை. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறோம்.

ஊரின் பெயர் மோட்லாரொய்ற். ஹோவ் நகருக்கு வடக்கே, வயலும் காடும் சூழ்ந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் சுமார் 50 பேர்தான். ஊரின் நடுவே டன்பாக் என்னும் ஓடை ஓடுகிறது. எங்களோடு வந்தவர்களில் வயதில் மூத்த அக்காவும் ஓர் எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடை அது.

1810 ஆம் ஆண்டில் அந்த ஓடைக்கரையில் எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. ஒரு கரை பவேரிய இராச்சியத்துக்கும் மறுகரை ரொய்ஸ் என்ற சிற்றரசுக்கும் உரியதாயிற்று. அதனால் ஊருக்கு ஒரு குறையும் வரவில்லை. பள்ளிக்கூடமும் விடுதிச்சாலையும் கிழக்குக் கரையில் இருந்தன. தேவாலயத்துக்கு எல்லோரும் மேற்கே, பக்கத்து ஊரான டேப்பனுக்குப் போனார்கள். பிள்ளைகள் தினமும் ஓடையைக் கடந்து ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஆட்சிகள் மாறியும், ஊர் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அதே ஓடை அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் பங்கிட்டுக்கொண்ட பகுதிகளின் எல்லையானது. 1949 இல் அது மேற்கு ஜேர்மனிக்கும் கிழக்கு ஜேர்மனிக்கும் இடையிலான எல்லையாயிற்று. 1952 இல் கிழக்கு அரசு எல்லையோரம் 5 கிலோமீற்றர் அகலத்துக்குத் தடை வலயம் அமைத்தது. நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்கள் வீடுவாசலை விட்டு அப்புறப்படுத்தப்பட்டன. முதலில் பலகை வேலி வந்தது. 1966 இல் 700 மீற்றர் நீளமும் 3 மீற்றருக்கு மேல் உயரமும் கொண்ட கொங்கிறீற் மதில் எழுந்தது. அமெரிக்கப் படையினர் இந்த ஊரைச் 'சின்ன பேர்லின்' என்று அழைத்தார்கள். 1983 இல் அமெரிக்க உப ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நேரில் வந்து அந்த மதிலைப் பார்த்தார்.

கிழக்குப் பகுதியில் வாழ்ந்தவர்களைப் பார்க்க உறவினர் வருவதானாலும் அனுமதிப் பத்திரம் வேண்டும். பாஸ் எடுத்துப் பயணம் செய்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு செய்தி எங்களையும் திகைக்க வைத்தது. மேற்குக் கரையில் நிற்பவருக்குக் கை அசைப்பதும் வணக்கம் சொல்லுவதும் கிழக்குக் கரையில் தடைசெய்யப்பட்டிருந்தன. மேற்கில் இருப்பவர்கள் கை காட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் நிற்பவர் சகோதரராக இருந்தாலும் காணாததுபோலத் திரும்பிப் போக வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் கதையையும் சொல்ல வேண்டும். 1980களில் எங்களில் சிலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். அங்கிருந்து ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குப் போய் அகதிகளாகப் பதிந்தோம். அந்த நாட்டு மக்களுக்கு அடைத்திருந்த வழி எங்களுக்குத் திறந்திருந்தது. அன்று அதை எங்கள் அதிர்ஷ்டம் என்று மட்டுமே எண்ணினோம். மோட்லாரொய்ற்றில் அந்த மதிலின் முன் நின்றபோதுதான், அப்போது மதிலின் உள்ளே இருந்தவர்களைப் பற்றி முதன்முதலாக நினைத்தோம். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

பேர்லின் மதில் திறந்து ஒரு மாதம் கழித்து, 1989 டிசெம்பர் 9 ஆந் திகதி இங்கும் ஒரு வழி திறந்தது. மக்கள் கால்நடையாகக் கடந்து சென்றார்கள். 1990 ஜூன் 17 இல் மதிலின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. ஒரு பகுதியை மட்டும் ஊரவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதனோடு காவற்கோபுரம், கம்பி வேலி, பழைய எல்லைக்கற்கள் ஆகியவற்றையும் இன்று பார்க்கலாம். பக்கத்தில் ஒரு நூதனசாலையும் உண்டு.

ஆனால் எல்லை இன்றும் போய்விடவில்லை. ஒரு கரை பவேரியா மாநிலம். மறுகரை தூரிங்கியா மாநிலம். நகரபிதாக்கள் இருவர், தபால் இலக்கங்கள் இரண்டு. பேச்சுவழக்கிலும் வணக்கம் சொல்லும் விதத்திலும் வேறுபாடு உண்டு. இவற்றால் யாருக்கும் துன்பம் இல்லை. விரும்பியபோது கடந்து போகவும், கடந்தவரை வணங்கி வரவேற்கவும் முடிந்தால், எல்லை வெறும் கல்லாகவே கிடக்கும் என்பதை அந்த ஊரில் கண்டோம். மதில் மறைத்த அத்தனை ஆண்டுகளில் பத்தடி தூரத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் போனார்கள். மதிலை இயந்திரம் ஒரு நாளில் இடித்துவிட்டது. அந்தப் பிள்ளைப் பருவத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

அன்புச் சகோதரிகளே, நாங்களும் ஒரே மணியோசைக்கு ஓடிவந்து, ஒரே மண்டபத்தில் கீதம் பாடியவர்கள். இன்று பல நாடுகளில் இருக்கிறோம். போனவர்கள் மறந்துவிட்டார்கள் என்று இருந்தவர்களும், இருந்தவர்கள் எங்களைத் தேடவில்லை என்று போனவர்களும் மனதுக்குள் குறைபட்டுக்கொள்கிறோம். கை அசைக்க எங்களை யாரும் தடுக்கவில்லை. கடிதம் எழுதாமல் விட்டவர்கள் நாங்கள்தான். அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம். இந்த நூற்றாண்டு விழா முடிந்து வீடு திரும்பியதும், ஒவ்வொருவரும் தொடர்பு விட்டுப்போன ஒரு வகுப்புத் தோழியைத் தேடி எடுப்போம். முதல் வணக்கத்தை நாங்களே சொல்லுவோம்.

எங்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்த கல்லூரித் தாய் நீடூழி வாழ்க.