யூபிலிப் பாடகர்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் "இசையும் கல்வியும்" என்னும் தலைப்பில் ஆற்றிய உரை)

 

இசை நுணுக்கம் அறிந்தவன் அல்லேன். ஆதலின் பாட்டுப் பாடியே ஒரு கல்லூரியைக் காத்த மாணவர் சிலரின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். நாம் வெள்ளி விழா என்பதை ஆங்கிலத்தில் சில்வர் ஜூபிலி என்பர். அச்சொல் விவிலியத்திலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டுதோறும் அடிமைகள் விடுதலை பெற வேண்டும் என லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கிறது. அதுவே யூபிலி ஆண்டு. நான் கூறப்போகும் மாணவரும் அப்பெயராலேயே அழைக்கப்பெற்றனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. 1866 சனவரியில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், படையினரின் பழைய மருத்துவமனைக் கொட்டகைகளில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பிஸ்க் என்பது அதன் பெயர். ஏழு வயதுச் சிறுவரும் எழுபது வயது முதியோரும் எழுத்தறிய வந்தனர். அடிமைச் சந்தையில் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் புத்தகம் வாங்கினர் என அப்பள்ளியின் வரலாறு கூறும். மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாகப் பதிவு பெற்றது. பெயர் பெரிதாயிற்று, கடனும் பெரிதாயிற்று. 1871-இல் மூடும் நிலை வந்தது.

அங்குப் பொருளாளராகவும் இசையாசிரியராகவும் இருந்தவர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். அவருக்குத் துணை நின்றவர் எல்லா ஷெப்பர்டு. இப்பெண்மணியின் வரலாற்றை நம் பெண்மக்கள் கேட்க வேண்டும். அடிமையாய்ப் பிறந்தவர், தந்தையார் விலை கொடுத்து மீட்டார். சின்சினாட்டி நகரில் பியானோ கற்கச் சென்றபோது, வெள்ளை ஆசிரியை ஒருவர், பின்வாசல் வழியாக இரவில் வரவேண்டும், யாரிடம் கற்கிறாய் என்று வெளியே சொல்லக் கூடாது எனும் நிபந்தனையோடு கற்பித்தாராம். பின்வாசலைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

1871 அக்டோபர் 6-ஆம் நாள் ஒன்பது மாணவர்களுடன் ஒயிட் வடமாநிலங்களுக்குப் புறப்பட்டார். பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தோர். அந்தப் பருவத்தின் முதற்கச்சேரிகளில் செலவுக்கே பணம் சேரவில்லை. விடுதிகளில் இடம் மறுத்தனர். முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்யும் வெள்ளையரின் கூத்துக்களைக் கண்டு பழகிய கூட்டம், இவர்களிடமும் அதையே எதிர்பார்த்தது. அந்நிலையிலும் ஒரு கச்சேரியில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையைச் சிகாகோ தீவிபத்தில் வீடிழந்தோர்க்கு அனுப்பிவிட்டனர்! பொருளாளர் வேலைக்கு இது உகந்ததா என்று நம் சங்கப் பொருளாளர் கேட்கக்கூடும்.

தொடக்கத்தில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் வெள்ளையர் இயற்றிய பாடல்களே. கற்றவர் என்பதை மெய்ப்பிக்க அவையே ஏற்றவை என்று கருதினர். பருத்திக் காட்டில் தாய்தந்தையர் பாடிய அடிமைக்காலப் பாடல்களை மேடையேற்ற அவர்களுக்கு மனமில்லை. அப்பாடல்கள் மறக்க வேண்டிய இருண்ட நாட்களை நினைவூட்டின. பெற்றோரின் வழிபாட்டுக்குரியவை ஆதலால் புனிதமாகவும் இருந்தன. ஷெப்பர்டு எழுதியுள்ளபடி, ஒயிட்டின் வீட்டில், போதிய நாற்காலி இல்லாமையால் தரையில் அமர்ந்து, மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தே அவற்றைப் பயின்றனர்.

அவ்வாண்டு நவம்பரில் ஓகையோ மாநிலத்து ஓபர்லின் ஊரில் கிறித்துவ சபையாரின் மாநாடு. பேராளர்கள் தமக்குள் உரையாடிக் கொண்டிருந்தனர். அப்போது இம்மாணவர் அடிமைப் பாடல் ஒன்றைத் தணிந்த குரலில் தொடங்கினர். பேச்சு அடங்கியது. அதன்பின் கச்சேரியின் ஓரத்தில் இருந்த அப்பாடல்கள் நடுவிடத்திற்கு வந்தன. நாளடைவில் கச்சேரி முழுமையும் அவையே ஆயின. யூபிலிப் பாடகர் என்னும் பெயரை ஒயிட் சூட்டியதும் அப்பயணத்திலேதான்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். முதற்பயணத்தில் 20,000 டாலர் சேர்ந்தது. 1872-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையிலும், 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் பாடினர். அந்த நிதியால் எழுந்த யூபிலி மண்டபம் 1876 சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. இவ்வெற்றிக்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. ஓய்வற்ற பயணத்தால் பலர் உடல்நலம் குன்றினர். 1878-இல் குழு கலைந்தது. பிற்காலத்தில் அதே கல்லூரியில் பயின்று 1888-இல் பட்டம் பெற்றவரே அறிஞர் டுபாய்ஸ். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டுக் கடிதம் எழுதியது இந்த டுபாய்சுக்கே.

இவ்வரலாற்றை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. நாளை மாலைக் கலைநிகழ்ச்சியில் பறையிசை வேண்டுமா, கூடாதா என்று நம்மிடையே சில நாட்களாக வாதம் நடக்கிறது. கூடாது என்போர் கூற்றை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். சாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடிக்க மாட்டோம் என்று உறுதி பூண்டு, அதற்காக அடியும் ஊர்விலக்கும் ஏற்ற பெரியவர்கள் பல சிற்றூர்களில் உண்டு. அவர்கள் மறுத்தது அடிமை ஊழியத்தை. கூலியும் மதிப்புமின்றி, ஊரார் ஏவியபோதெல்லாம் அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மறுத்தார்கள். நாம் நாள் குறித்து, நம் மேடையில், நாம் விரும்பிய தாளத்தை முழக்கும்போது அக்கட்டாயம் அதில் இல்லை. நாஷ்வில் மாணவர் தம் பெற்றோரின் பாடலை எசமானின் முற்றத்தில் பாடவில்லை. சீட்டு வாங்கி வந்தோர்முன் பாடினர்.

ஆகவே பறை ஒலிக்கட்டும் என்பதே என் கருத்து. மனம் ஒப்பாதவரை யாரும் வற்புறுத்த வேண்டா. நம் பிள்ளைகள் அடிக்க வந்தால்தான் நம்மவர் என்னும் பேச்சும் வேண்டா. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த மூதாட்டியர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் மேடைக்கு அழையுங்கள். பாடுவதை இளைஞர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். வெளியூர் விருந்தினர்க்கு இலவச அனுமதி என்று குழுவினர் முடிவு செய்திருப்பதாக அறிகிறேன். அதை மாற்றிச் சிறு கட்டணமேனும் வைத்து, வரும் தொகையை மாணவியர் விடுதிக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.